தடித்த எழுத்தே விடை

அத்தியாயம் பதினேழு

எழில்மதியை வெள்ளிமலைப் பள்ளி விடுதியின் வராந்தாவில், காதில் இயர்போனும் மடியில் மின்வாசிப்பானுமாக விட்டுவிட்டு வந்தோம். இப்போது அவள் அங்கே இல்லை. மலையிலிருந்து இறங்கும் முதல் பேருந்தில், உட்கார இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இயர்போன் மட்டும் காதை விட்டு இறங்கவில்லை.

இன்று தேர்வு.

இது மூன்றாவது முறை. முதல் முறை ஒரே மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாவது முறை எத்தனையில் போயிற்று என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறையும் போனால், விடுதியில் பார்க்கும் தற்காலிக ஆசிரியை வேலையை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, மாமனாரின் பயிற்சி மையத்தில் வரவேற்பாளராக உட்கார்ந்துவிட வேண்டும் என்று குடும்பம் கூடி முடிவெடுத்திருந்தது. குடும்பம் கூடி என்றால், மாமனார் பேசினார், மற்றவர்கள் அதே அறையில் இருந்தார்கள் என்று பொருள்.

தேறிவிட்டால், எந்த ஊரில் அரசு வேலை கிடைக்கிறதோ அந்த ஊரில் அவளும் கணவன் அய்யப்பனும் தனிக்குடித்தனம். அந்த வீட்டுக்கு எழில்மதி மனசுக்குள் சுவர் எழுப்பி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குத் திரைச்சீலையும் வாங்கிவிட்டாள். தெரு மட்டும்தான் பாக்கி.

மாமனார் செல்லமுத்துவைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவரே சொல்லிக்கொள்வார். எலவனாசூர்கோட்டையில் கரும்பு வைத்திருந்தவர், கரும்பை விட்டுக் கல்விக்கு வந்தார். ‘வெற்றிச்சிகரம் போட்டித்தேர்வுப் பயிற்சி மையம்’ என்ற பலகையில் அவர் பெயருக்கு முன்னால் ‘கல்விக் காவலர்’ என்று இருக்கிறது. பட்டத்தை வழங்கியது யார் என்று கேட்டால், பலகை எழுதிய பெயின்டரைத்தான் கைகாட்ட வேண்டும். அவர் வாழ்க்கையில் ஒரு போட்டித் தேர்வும் எழுதியதில்லை. ஆகவே எதிலும் தோற்றதுமில்லை. இதை அவர் மேடையிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்குவார்.

அவர் வெளியிட்ட ‘வெற்றிச்சிகரம் வினா விடைக் களஞ்சியம்’ செங்கல் கனம் இருக்கும். முதல் பக்கத்திலேயே தாரக மந்திரம்: ‘தடித்த எழுத்தே விடை’. ஒரு கேள்விக்கு நான்கு விடைகள். எது தடித்திருக்கிறதோ அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஏன் என்று கேட்பது அடுத்த கேள்விக்கு இடைஞ்சல்.

அந்தச் செங்கலை இந்த வருஷம் மின்னூலாக்கினார்கள். மகன் அய்யப்பன் கணினி அறிவியல் படித்தவன். படித்தவனை வைத்துக்கொண்டு வெளியாளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அங்கேதான் சனி பிடித்தது. புத்தகம் பல வருஷத்துக்கு முன்னால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த முறையில் ஒல்லி எழுத்துக்கு ஓர் எழுத்துரு, தடித்த எழுத்துக்கு வேறோர் எழுத்துரு. அதைப் புதிய முறைக்கு மாற்றியபோது எழுத்தெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தடிப்பு மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. சரியான விடையும் தவறான விடையும் ஒரே உடம்போடு வரிசையில் நின்றன.

“இன்னாடா இது, எல்லாம் நோஞ்சானா நிக்குது?” என்றார் செல்லமுத்து.

அய்யப்பன் வழி கண்டுபிடித்தான். புத்தகத்தின் கடைசியில் விடைப் பட்டியல் இருந்தது. அ, இ, ஆ, ஈ என்று வெறும் எழுத்துகள். அதை ஒரு சின்னக் கணினி நிரலில் ஊட்டி, கேள்வி வரிசைப்படி அதுவே பொருத்தமான விடையைத் தடிக்க வைக்கும்படி செய்தான். ஒரு சொடுக்கில் ஆயிரக்கணக்கான விடைகள் சதை பிடித்தன.

அதோடு நின்றானா? மின்வாசிப்பானுக்கு வாய்விட்டுப் படிக்கும் வசதி உண்டு. ஆனால் ஒரு குரலுக்குத் தடித்த எழுத்தும் ஒன்றுதான், ஒல்லி எழுத்தும் ஒன்றுதான். மனைவி மலைப்பேருந்தில் நின்றபடி கேட்க வேண்டுமே என்று, தடித்த ஒவ்வொரு விடைக்கு முன்னாலும் ‘விடை’ என்ற சொல்லைக் குரல் சொல்லும்படி சேர்த்தான். அவன் அவளுக்குச் செய்த ஒரே காதல் காரியம் அதுதான் என்று கூடச் சொல்லலாம்.

மாற்றத்தில் அத்தியாயத் தலைப்புகளும் தலைப்பு என்ற தகுதியை இழந்து சாதாரண வரிகளாகிவிட்டன. தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு தலைப்பு: ‘கல்விக் காவலரின் முன்னுரை’. அதனால் வேதியியலுக்குப் போக நினைத்தாலும், வரலாற்றைத் தேடினாலும், கருவி நேராக முன்னுரையில் கொண்டுபோய் நிறுத்தியது. செல்லமுத்து இதைக் குறையாகக் கருதவில்லை.

எழில்மதிக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. மலையிலிருந்து போன் செய்து கேட்டாள். ‘கல்வராயன் மலை எந்தத் தொடரைச் சேர்ந்தது’ என்ற கேள்விக்குக் குரல், “விடை, மேற்குத் தொடர்ச்சி மலை” என்கிறதே, கிழக்குத்தானே என்று.

ஒலிபெருக்கியில் இருந்த போனைச் செல்லமுத்து பிடுங்கிப் பதில் சொன்னார்.

“ஏம்மா, மலை மேல ஒக்காந்துக்கினா மலையப் பத்தித் தெரிஞ்சிடுமா? பாடத்திட்டம் மாறியிருக்கும். புஸ்தகத்துல இன்னா இருக்குதோ அதப் படி. சந்தேகம் புடிச்சவ எந்தக் காலத்துலயும் பாஸ் பண்ண மாட்டா.”

அய்யப்பன் பக்கத்தில் இருந்தான். திறந்து பார்த்திருக்கலாம். “அப்பா சொல்றது சரியாத்தான் இருக்கும்” என்றான்.

*

இன்று காலை செல்லமுத்து வெளுத்த வேட்டி சட்டையோடு, நெற்றி நிறைய விபூதியோடு மையத்துக்கு வந்துவிட்டார். தேர்வு எழுதப்போவதே அவர்தான் என்று வழியில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

“டேய் அய்யப்பா, ஸ்டேட்டஸ் ஒண்ணு போடுடா. ‘கடைசி நேரக் குறிப்புகள், வழங்குபவர் கல்விக் காவலர்’னு. நம்ம மின்னூல்லருந்து பத்து கேள்வி எடு. என் போட்டோவப் பெருசா வை.”

“கேள்விய எங்கப்பா வெக்கறது?”

“கீழ எங்கனா எடம் இருந்தா வை.”

அய்யப்பன் மின்னூலைத் திறந்தான். முன்னுரை வந்தது. விரலால் தள்ளித் தள்ளி நடுவில் எங்கோ போய், கண்ணில் பட்ட கேள்வியை நகலெடுத்தான்.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது? தடித்திருந்தது, மயில்.

மரகதப்புறா அல்லவா?

சரி, ஒன்று தவறியிருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தான். சமையல் சோடாவின் வேதிப்பெயர் என்ன? தடித்திருந்தது, சோடியம் குளோரைடு. அது உப்பு. அதற்கடுத்தது சரியாக இருந்தது, மூச்சு வந்தது. அதற்கடுத்தது தவறு. அதற்கடுத்ததும்.

கல்வராயன் மலையைத் தேடி எடுத்தான். மேற்குத் தொடர்ச்சி மலை, மாப்பிள்ளை மாதிரி தடித்து நின்றது.

அச்சுப் புத்தகம் மையத்தில் ஒன்றுகூட இல்லை. கீழே ஓடினான். கீழே அஷ்பாக் பாயின் ஜெராக்ஸ் கடை. களஞ்சியத்தை அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தவர் அவர்தான். அவரிடம் ஒரு பிரதி இருந்தது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் ஆடுகிற காலுக்கு அடியில்.

“பாய், அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் எடுங்க.”

“இன்னா தம்பி, பரீச்சை அன்னிக்கா படிக்கறது? அத எடுத்தா மிஷினு சாஞ்சிடும்பா. இவ்ளோ வருஷத்துல அந்தப் புஸ்தகத்தால நெட்டா நிக்கறது இது ஒண்ணுதான்.”

“சீக்கிரம் பாய். இதுல கல்வராயன் மலை கிழக்குத்தான?”

“டைப் அடிச்சேன் தம்பி, படிக்கல. படிச்சுக்கினே அடிச்சா வேலை ஓடுமா?”

இயந்திரத்தை அவர் முட்டியால் தாங்கிக்கொள்ள, அய்யப்பன் புத்தகத்தை உருவினான். அச்சில் கிழக்கு. தடித்த கிழக்கு.

பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போனான். ஒரு ‘பொருத்துக’ கேள்வியில் வந்து முட்டியது. அச்சில் அது கட்டம் போட்ட அட்டவணை. இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் அணை. மின்னூலில் கட்டம் உடைந்து, இடப்பக்கம் ஒரு துண்டாகவும் வலப்பக்கம் அதற்குக் கீழே இன்னொரு துண்டாகவும் விழுந்திருந்தது. நிரல் அதை இரண்டு கேள்வியாக எண்ணிவிட்டது. அங்கே பிசகிய வரிசை திரும்ப நேராகவே இல்லை. அந்த அட்டவணைக்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கேள்விக்கான விடையெழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அங்கங்கே சில தற்செயலாகச் சரியாகவும் இருந்தன. நம்ப வைத்தது அவைதான்.

நிரல் ஓடி முடிந்தபோது கடைசிக் கேள்விக்கு விடையே இல்லாமல் போனது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அன்று அச்சுப்பிழை என்று நினைத்து, அவனே ஒன்றைத் தடிக்க வைத்திருந்தான்.

*

“அப்பா, புஸ்தகம் தப்பு.”

“எழுத்துப்பிழை இல்லாத புஸ்தகம் எதுடா?”

“எழுத்துப்பிழை இல்லப்பா. எழுத்தெல்லாம் சரியா இருக்குது. தடிப்புத்தான் தப்பு. பொருத்துகவுக்கு அப்பால பாதிக்கு மேல தப்பு விடை.”

செல்லமுத்து நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எப்போதும் கவனமாக இருப்பார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“நல்லதாப் போச்சு. இதோட நிறுத்திக்க.”

“எழிலு பரீச்சை எழுதப் போறாப்பா! நம்ம கிட்டப் படிச்ச பசங்க எல்லாரும் எழுதப் போறாங்க!”

“அதனாலதான் சொல்றேன். இப்பப் போயி தப்புன்னு சொன்னா இன்னா ஆவும்? சரியாப் படிச்சதும் மறந்துபூடும். சொல்லாம வுட்டா பாதியாச்சும் தேறும். நீ அவளுக்கு நல்லது பண்றியா கெட்டது பண்றியா?”

இதில் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை. முழுக்க அநியாயமாகப் பேசுகிறவரை எதிர்த்துவிடலாம். செல்லமுத்து பத்துக்கு மூன்று நியாயம் கலந்து பேசுவார். அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு அய்யப்பன் முப்பத்தைந்து வயது வரைக்கும் வந்துவிட்டான்.

அப்போது அவன் போன் அடித்தது. மலைப்பாதையில் சிக்னல் கிடையாது; பேருந்து கச்சிராயபாளையம் வந்தால்தான் எழில்மதிக்குக் கிடைக்கும்.

“ஏங்க, கச்சிராயபாளையம் தாண்டிட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறீங்களா?”

“வந்துர்றேன்.”

“குரலே ஒரு மாதிரி இருக்குது. பயப்படறீங்களா? எழுதப்போறது நானுங்க.” சிரித்தாள்.

செல்லமுத்து புருவத்தை உயர்த்தி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல. வா” என்றான் அய்யப்பன்.

போனை வைத்த கையோடு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து தட்டினான். ‘அவசரம். மின்னூலில் பல விடைகள் தவறு. அதை நம்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.’ அனுப்பும் முன் அப்பா கையை நீட்டினார். அந்தக் கை நீண்டால் எதையாவது அதில் வைத்துவிடுவது அய்யப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். போனை வைத்தான்.

செல்லமுத்து திருத்தம் செய்தார். அவருக்குத் தட்டச்சு வராது; ஆனால் அழிக்க நன்றாக வரும். கடைசியில் குழுவுக்குப் போன செய்தி இது: ‘நம்புங்கள். வெற்றி நமதே. கல்விக் காவலர்.’

உடனே பெருவிரல்களும் கூப்பிய கைகளும் வந்து குவிந்தன.

*

பேருந்து நிலையத்தில் எழில்மதி இறங்கியபோது அவள் புடவையில் யாரோ கொண்டுவந்த சாமை மூட்டையின் தூசி. தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள்.

“சாப்ட்டியா?”

“வாந்தி வரும்னு சாப்டல. நீங்க?”

“ம்.”

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது அவனுக்கு. கிளம்பியதும் குரல் சொல்வதைத் தானும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். கடைசி நேரத்தில் வாய்விட்டுச் சொன்னால் மனசில் நிற்கும் என்பதும் முன்னுரையில் இருக்கிறது.

“மாநிலப் பறவை, மயில்… சமையல் சோடா, சோடியம் குளோரைடு…”

அய்யப்பனின் முதுகில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. ரயில்வே கேட் மூடியிருந்தால் நல்லது என்று நினைத்தான். அந்தச் சாலையில் ரயில்வே கேட்டே இல்லை.

“எழிலு.”

“இன்னாங்க?” இயர்போனை எடுத்தாள்.

இப்போது சொல்லலாம். உனக்கும் புத்தகத்துக்கும் சண்டை வந்தால் உன் பக்கம் நில் என்று ஒரு வாக்கியம். அவள் வருஷக்கணக்கில் படித்தவள். பாதிக்கு மேல் சொந்தமாகவே தெரியும். அந்த ஒரு வாக்கியம் போதும்.

“ஒண்ணுமில்ல. காத்து ஜாஸ்தியா அடிக்குதா?”

“அதெல்லாம் இல்ல, போங்க.” இயர்போன் மறுபடி காதுக்குப் போனது. “கல்வராயன் மலை, மேற்குத் தொடர்ச்சி மலை…”

பள்ளிக்கூட வாசலில் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனையும் மின்வாசிப்பானையும் அவன் கையில் கொடுத்தாள். கறுப்பு மைப் பேனா இரண்டு, அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான்.

“வேண்டிக்கோங்க.”

“எழிலு, உனக்கு… உனக்குத் தெரிஞ்சத எழுது.”

இதைச் சொன்னதும் தான் சொல்லிவிட்டதாகவே அவனுக்குத் தோன்றியது. நெஞ்சில் இருந்த கல் அரை அங்குலம் நகர்ந்தது.

“எனக்குன்னு தனியா இன்னாங்க தெரியும்? எல்லாம் நீங்க ஒக்காந்து செஞ்சு குடுத்ததுதான்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

*

வெளியே மர நிழலில் காத்திருப்பவர்கள் கூட்டம். ஒருவர் மகளுக்காக, ஒருவர் தம்பிக்காக, ஓர் அம்மாள் மருமகனுக்காக.

அய்யப்பன் மின்வாசிப்பானைத் திறந்தான். முன்னுரை. மூடினான். திறந்தான். முன்னுரை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்பா புன்னகைத்தார்.

உள்ளே, எழில்மதியும் மாணவர்களும் கறுப்பு மையால் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். நிரப்பிய வட்டத்தை மாற்ற முடியாது. அழிப்பான் கிடையாது. மின்னூலைச் சரிசெய்ய ஒரு கட்டத்தை ஒட்டவைத்து, மறுபடி ஒரு சொடுக்கு. சாப்பாட்டு நேரத்துக்குள் செய்துவிடலாம். மூன்று மாதமாக அதைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டவளை எந்தச் சொடுக்கில் சரிசெய்வது?

மணி அடித்தது. வெளியே வந்தவர்களில் பலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அதில் தெரிந்த முகங்கள் நிறைய. ஒருவன் அய்யப்பனைப் பார்த்துக் கும்பிட்டான்.

“சார், சூப்பர் சார்! அப்படியே நம்ம புஸ்தகம்!”

எழில்மதி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். முந்தைய இரண்டு முறையும் அவள் வெளியே வந்த விதம் அவனுக்குத் தெரியும். கடைசி ஆளாக, தரையைப் பார்த்தபடி. இன்று எட்டி எட்டி அவனைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் முகம் இப்படி இருந்து அவன் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

“எல்லாம் வந்துச்சுங்க. ஒண்ணுகூட வெளியிலருந்து இல்ல. பசிக்குது, எதுனா வாங்கிக் குடுங்க.”

சாலையோரக் கரும்புச்சாறு வண்டியில் நின்றார்கள். பெரிய டம்ளராகக் கேட்டு வாங்கினாள். அவனிடமிருந்து போனை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“மாமா இன்னா போட்டிருக்காரு பாருங்க. ‘மாலை நாலு மணிக்கு வெற்றியாளர் பாராட்டு விழா. வெற்றி உரை, திருமதி எழில்மதி.’ ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள விழாவா?”

“எழிலு…”

“இருங்க, இதக் கேளுங்க. கல்வராயன் மலை கேட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காலையில அதுலருந்துதான எறங்கி வந்தேன்? கை தானா கிழக்குக்குப் போச்சு. அப்பறம் நெனச்சேன், அவுரு அவ்ளோ பாடுபட்டு செஞ்சிருக்காரு, ‘விடை’ன்னு சொல்ல வெச்சதுகூட எனக்காகத்தான, அதுல தப்பு இருக்குமான்னு. மேற்கக் கறுப்பாக்கினேன். நல்லா அழுத்தி. இந்த மாதிரி எத்தனையோ எடத்துல எம்மனசு ஒண்ணு சொல்லிச்சு, புஸ்தகம் ஒண்ணு சொல்லிச்சு. எம்மனசக் கேட்டுத்தான ரெண்டு வாட்டி போச்சு? இந்த வாட்டி கேக்கல.”

அய்யப்பன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“கிழக்குத்தான்.”

“இன்னாது?”

“மலை. கிழக்குத்தான். மரகதப்புறாதான். புஸ்தகம் தப்பு.”

கரும்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் ஒரு கரும்பை மடித்து மூன்றாவது முறையாக உள்ளே விட்டார். சக்கை மட்டும் வந்தது.

“எவ்ளோ தப்பு?”

“பொருத்துக இருக்குதுல்ல, ஊரும் அணையும்? அதுக்கு அப்பால இருந்து… வரிசை பெசகிட்டுச்சு.”

அவள் மனசுக்குள் பக்கங்களைப் புரட்டுவது கண்ணில் தெரிந்தது. எங்கெங்கே சொந்த விடையைக் கைவிட்டாள் என்று போய்ப் போய்ப் பார்த்தாள். பாதி வழியில் நிறுத்திவிட்டாள். அந்தச் சின்ன வீட்டின் ஜன்னலிலிருந்து திரைச்சீலை இறங்கியது.

அழுதாள் என்று எழுதினால் வாசகர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவள் அழவில்லை.

“எப்பத் தெரியும்?”

“காலையில.”

“காலையிலன்னா? நான் பஸ்ஸு எறங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பின்னாடி என்று சொல்லிவிடலாம். நாலு எழுத்து. தேர்வுக்கு உள்ளே அனுப்பிய பிறகுதான் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். அவள் ஒப்பிட்டுப் பார்க்க எந்த அச்சுப் பிரதியும் இல்லை.

“முன்னாடி” என்றான்.

“அப்ப, வண்டியில பின்னாடி ஒக்காந்து நான் சத்தமா சொல்லிக்கினே வந்தேனே…”

அவன் கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்தான்.

“காத்து ஜாஸ்தியான்னு கேட்டீங்களே. காத்துல எதுவும் காதுல வுழலன்னு சொல்லுங்க. நம்பிடறேன்.” அவள் குரல் ஏறவே இல்லை. “அந்தப் புஸ்தகத்தையே நம்பினவ. இத நம்ப மாட்டனா?”

அய்யப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் திருத்தாத ஒரு பதிலைச் சொன்னான்.

“வுழுந்துச்சு.”

எழில்மதி தலையசைத்தாள். மீதிக் கரும்புச்சாற்றை முழுக்கக் குடித்தாள். பசித்த வயிறு, அதற்கு என்ன தெரியும்? புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றான் அய்யப்பன்.

“எந்த வூட்டுக்கு?”

“வண்டியில ஏறு எழிலு. பேசிக்கலாம்.”

“வேணாங்க. பின்னாடி ஒக்காந்தா நான் மறுபடியும் எதுனா சொல்லிக்கினு வருவேன். நீங்களும் கேட்டுக்கினு வருவீங்க.”

சாலையைக் கடந்தாள். வெள்ளிமலைப் பேருந்து ஒன்று, கூரையில் மூட்டைகளோடு, அவள் கைகாட்டினால் நிற்கிற தூரத்தில் மெதுவாக வந்தது. அவள் காட்டவில்லை. அது போய்விட்டது. பின்னால் வந்த ஆட்டோவுக்குக் கை நீட்டினாள்.

“வெற்றிச்சிகரம் போவணும்.”

“விழாவுக்காம்மா?” என்றார் ஓட்டுநர். அவரிடமும் அந்த ஸ்டேட்டஸ் இருந்திருக்க வேண்டும். “யாரோ மருமக பேசறாங்களாமே?”

“ஆமாண்ணா. அது நான்தான். கொஞ்சம் சீக்கிரம் போங்க.”

ஆட்டோ திரும்பியது. மேடையில் நின்று அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அய்யப்பனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. சொந்தமாக ஒரு வரி வாயில் வந்தால் அதை நம்பலாமா கூடாதா என்பதே அவளுக்கு இப்போது தெரியாது.